பெட்டிக்கு முன்னே பூ

கணியம்பாடி வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், தேனீப் பெட்டி வாங்கக் கடன் கிடைக்குமா என்னும் வினாவை உறுப்பினர் பலர் நம்மிடம் எழுப்புகின்றனர். இவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. எனினும், கடனைப் பற்றிக் கேட்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு வினா உண்டு. பெட்டி வைக்கப்போகும் இடத்தைச் சுற்றி ஆண்டின் 12 மாதங்களிலும் என்னென்ன பூக்கின்றன? இதற்கு விடை காணாமல் வாங்கப்பெற்ற பெட்டிகள் ஈராண்டிற்குள் மாட்டுத் தொழுவத்தின் மூலையை அடைந்து, கோழி முட்டையிடும் கூடுகளாகப் பயன்படுவதை நாம் கண்டதுண்டு. தேனீ சென்றுவிடும், கடனும் வட்டியும் செல்வதில்லை.

தேனீ எனப் பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் பல. ஜவ்வாது மலைப் பாறைகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் பெருங்கூடு கட்டும் மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. புதர்க் கொம்பில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீயும் அவ்வாறே. மரப்பொந்திலும் பழஞ்சுவரின் சந்திலும் வரிசையாகப் பல அடைகள் கட்டி வாழும் அடுக்குத் தேனீயே நம் சிறு குடியானவருக்கு ஏற்றது. 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளிப் பகுதியில் இத்தேனீயை ஆராய்ந்து, அதன் அளவிற்கேற்ற சட்டங்களையுடைய பெட்டியை வகுத்தவர் நியூட்டன் பாதிரியார். இன்றும் அப்பெட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது. கூட்டைப் பிழிந்து அழிக்காமல், சட்டத்தை எடுத்துத் தேனை மட்டும் பிரித்துக்கொண்டு அடையைத் திருப்பி வைக்க இயல்வதே அதன் சிறப்பு.

மார்த்தாண்டத்தில் நடந்தது இங்கே நடவாதா என்று கேட்போர் உண்டு. 1920களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் அங்கே தொடங்கிய கிராமப் புனரமைப்புப் பணி, தேனீ வளர்ப்பை ஏழைக் குடும்பங்களின் உபதொழிலாக்கியது. தேனைத் திரட்டி விற்கக் கூட்டுறவு முறையும் அங்கே கைக்கொள்ளப்பட்டது. கூட்டுறவாளர் அனைவரும் பெருமை கொள்ளத்தக்க வரலாறு அது. ஆனால் அங்குள்ள தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று என்பதை நம்மவர் பலர் அறியார். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் காலத்தில், இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் கசிகின்றது. தேனீக்கள் அதனையே மிகுதியாகச் சேகரிக்கின்றன. நம்மிடம் ரப்பர் இல்லை. நம் வயல்களிலுள்ள நெல் தேன் தருவதில்லை. கரும்பைப் பூக்கவிட்டு வெட்டுவாரும் இல்லை. நிலக்கடலைப் பூ தன் மகரந்தத்தாலேயே பிஞ்சு பிடிப்பதால் தேனீயை நாடி நிற்பதில்லை. ஆகவே மார்த்தாண்டத்தின் பெட்டியைக் கொண்டுவரலாம். அதன் தேனைக் கொண்டுவர இயலாது. அப்பகுதியும் 1990களின் தொடக்கத்தில் பெருந்துன்பத்திற்கு உள்ளாயிற்று. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட வைரஸ் நோயொன்று அடுக்குத் தேனீயின் புழுக்களைத் தாக்கியதால், தென்னாட்டில் எண்ணற்ற கூடுகள் அழிந்தன. அதற்கு மருந்தில்லை, வலிமையுள்ள கூடுகளே தப்பின. பூக்குறைவால் பட்டினி கிடக்கும் கூடு வலிமையுடன் இருப்பது எங்ஙனம்?

இனி எந்தப் பூ என்பதைப் பார்ப்போம். நாம் விரும்பும் பூவும் தேனீ விரும்பும் பூவும் ஒன்றல்ல. சந்தையில் விலைபோகும் அடுக்கு மல்லிகையும் அடுக்கு ரோஜாவும் பார்வைக்கு நிறைந்தவை. ஆயினும் அவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிட்டமையால் தேனீக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். மல்லிகை இருளில் மலர்ந்து அந்துப்பூச்சியை அழைக்கும் இனம் என்பதும் நினைவிற்குரியது. தேனீயின் கண்ணுக்குச் செந்நிறம் புலப்படுவதில்லை. நமக்குப் புலப்படாத புறஊதா ஒளியோ அதற்கு நன்கு புலப்படும். ஆதலின் சிவந்த செம்பருத்தி தேன்சிட்டிற்கே பெரிதும் உரியது. வெள்ளை, மஞ்சள், நீலம், ஊதா நிறங்களில், ஒற்றை இதழ் அடுக்குடன், மகரந்தம் வெளியே தெரியப் பூக்கும் எளிய பூக்களே தேனீக்கு விருந்து. துளசியும் திருநீற்றுப் பச்சிலையும் இவற்றுள் தலையாயவை. வேலியில் ஏறும் கொடிரோஜா ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். தொட்டியில் வளரும் பத்துமணிப் பூவும், மழைக்குப்பின் தரிசில் தானே முளைக்கும் தும்பையும் செலவில்லாதவை. கொத்தமல்லியையும் முள்ளங்கியையும் சில பாத்திகளில் பறிக்காமல் பூக்கவிட்டால், விதையும் கிடைக்கும், தேனீயும் வரும். ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும். எனவே பத்து வகையில் ஒவ்வொரு செடி வைப்பதினும், நான்கு வகைகளைக் கூட்டங்கூட்டமாக வைத்தலே நன்று. பூ இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ தன் இனத்தாருக்கு நடனமாடி அறிவிப்பதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞர் 1973இல் நோபெல் பரிசு பெற்றார்.

காய்கறித் தோட்டக்காரர் ஒன்றை அறிதல் வேண்டும். பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியன காலையில் மலர்ந்து தேனீயை எதிர்நோக்குவன. ஆண்பூ வேறு, பெண்பூ வேறாதலால் தேனீ வாராவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். சுரை, புடல், பீர்க்கு ஆகியன மாலையில் மலர்வன. கத்தரியின் நிலை இன்னும் விந்தையானது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரி நம் மாவட்டத்தின் பெருமை. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே உடையது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தாலன்றி மகரந்தம் நன்கு கொட்டாது. பெட்டித் தேனீ இவ்வித்தையை அறியாது. உளுத்த மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டும், மண்சுவரில் குடியிருக்கும் நீலவரித் தேனீயும் அறியும். வரப்போரத்துப் பட்ட மரத்தையும் மூங்கில் கழிகளையும் விறகாக்கிவிட்டுக் கத்தரி காய்க்கவில்லை எனக் குறைபடுதல் பொருந்தாது.

செடிகள் பசி தீர்க்கும். பெட்டியை நிரப்புவன மரங்களே. முருங்கை, வேம்பு, நாவல், புங்கம், புளி ஆகியன மாசி முதல் ஆனி வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன; இலந்தை பின்மழைக் காலத்திற்கு உதவும்; தென்னை ஆண்டு முழுதும் பாளை விடும். வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவிற்கோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வினை எடுத்துக்காட்டியது. அவ்வாறு உப்பேறிய நிலத்திலும் புங்கம் ஓரளவு தாங்கி வளரும். நெல்லுக்குதவாத நிலத்தில் புங்கன் நட முன்வருவோர் அதன் பூவினால் அண்டை ஊரின் பெட்டிகளுக்கும் உதவியவராவர்.

அண்டை என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அடுக்குத் தேனீ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் இரை தேடுவது. அது வரப்பையும் பட்டாவையும் அறியாது. ஓர் உறுப்பினர் பூக்கும் பயிரில் காலை ஒன்பது மணிக்கு மருந்து தெளித்தால், மற்றோர் உறுப்பினரின் பெட்டியில் மாலைக்குள் தேனீக்கள் குவியலாக மடியும். இமிடாகுளோபிரிட் முதலிய மருந்துகள் மகரந்தத்திலும் பூந்தேனிலும் ஊடுருவுவன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதனைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. ஆகவே இது தனி மனிதர் தனித்துத் தீர்க்கும் காரியமன்று. பூக்கும் பருவத்தில் மருந்து தவிர்த்தல், தவிர்க்க இயலாதபோது சூரியன் மறைந்தபின் தெளித்தல், முதல்நாளே பெட்டி வைத்திருப்போருக்கு அறிவித்தல் ஆகிய மூன்றையும் சங்கப் பேரவையில் தீர்மானமாக நிறைவேற்றிய பின்னரே கடன் மனுக்களைப் பரிசீலித்தல் முறை என்பது நம் கருத்து.

நெசவாள அன்பர்கள் தமக்கு நிலமில்லையே என எண்ண வேண்டா. தறிக்கூடத்தின் பின்முற்றத்து நிழலில் ஒரு பெட்டிக்கு இடமுண்டு. பாவு தோயும் தெருவிற்கு நேராக மட்டும் அதன் வாயில் இருத்தலாகாது. தேனோடு கிடைக்கும் மெழுகு, தோல் தைக்கும் நூலுக்குப் பூசப் பயன்படுவது. நம் பகுதியில் அதற்குத் தேவை உண்டு. தொடங்குவோர் தை, மாசியில், இரண்டு பெட்டிகளுக்கு மேற்படாமல் தொடங்குக. எறும்பேறாதபடி கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துக. கத்திரி வெயிலில் ஈரச்சாக்கும், கூழாங்கல் இட்ட நீர்த்தட்டும் அவசியம். அவையின்றேல் கூட்டம் ஒரே நாளில் குடிபெயரும். நன்கு பேணினால் ஒரு பெட்டியில் ஆண்டிற்கு ஐந்தாறு கிலோ தேன் எதிர்பார்க்கலாம். அதற்கு மேற்பட்ட கணக்கைச் சொல்லிப் பெட்டி விற்போரிடம் எச்சரிக்கை தேவை. பயிற்சி பற்றிய விவரங்களை விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் கேட்டறியலாம்.