நைனிதால்: மலைமடியில் ஓர் ஏரியூர்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால், தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று, தெற்கு நோக்கிச் சொந்த ஊருக்குச் செல்லும் நெடும் பயணம். மற்றொன்று, ஓரிரவில் சென்றடையக்கூடிய இமயமலைச் சாரல். சென்ற கோடையில் நாங்கள் சில குடும்பத்தினர் ஒன்றுகூடி இரண்டாம் வழியையே மேற்கொண்டோம். இரவு டில்லியில் ரயிலேறி, விடியற்காலை காத்கோதாமில் இறங்கினோம். அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறியதும், குன்றுகளுக்கு நடுவே பச்சை நிற நீர்ப்பரப்பு ஒன்று பளிச்சிட்டது. குழந்தைகள் ஆரவாரித்தனர். அதுவே நைனிதால்.

‘தால்’ என்றால் ஏரி. ஏரியின் தென்கோடியில் உள்ள குடியிருப்பு தல்லிதால். வடகோடியில் உள்ளது மல்லிதால். கீழேரி, மேலேரி என்று நாம் பொருள் கொள்ளலாம். சதி தேவியின் கண் விழுந்த தலம் என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை. மல்லிதால் கரையிலே நைனாதேவி கோயில் கொண்டிருக்கிறாள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வேரி, மிக ஆழமான இடத்தில் ஏறக்குறைய 27 மீட்டர் ஆழமுடையது. 1841-ஆம் ஆண்டில் பாரன் என்னும் ஆங்கிலச் சர்க்கரை வணிகர் இவ்விடத்தைக் கண்டு எழுதிய பிறகே, இங்கு வீடுகளும் கடைத்தெருக்களும் பெருகலாயின.

மாலையில் படகேறினோம். எங்களுள் ஒரு சிறுவன், தின்பண்டம் சுற்றியிருந்த காகிதத்தை விளையாட்டாக நீரில் எறிந்துவிட்டான். முதியவரான படகோட்டி ஒன்றும் பேசாமல் படகைத் திருப்பித் துடுப்பால் அக்காகிதத்தை எடுத்தார். பின்பு, “பேட்டா, இந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம்” என்றார். சினமில்லாத அச்சொல் எங்கள் எல்லோரையும் தலைகுனியச் செய்தது. பையனைப் பெற்றவர்களாவது முன்னமே சொல்லியிருக்க வேண்டாமா? ஏரியை வேடிக்கைப் பொருளாகக் கருதி வந்த எங்களுக்கு, அது ஓர் ஊரின் குடிநீர் என்பது அப்போதுதான் உறைத்தது. கரையோரக் குழாய்க் கிணறுகளின் வாயிலாக இவ்வேரியின் நீரே வீடுகளுக்குச் செல்கிறது.

நீரளித்துக் காக்கும் இம்மலையே ஒருமுறை ஊரை விழுங்கவும் செய்தது. 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், இரண்டு நாளாக விடாது கொட்டிய மழைக்குப் பின், வடபுறத்துச் சரிவு இடிந்தது. காலையில் சரிந்த மண்ணில் புதைந்தவர்களை மீட்கப் பலர் கூடியிருந்த வேளையில், பிற்பகலில் பெருஞ்சரிவு நேர்ந்தது. விடுதியும் கடையும் கோயிலும் ஒருசில கணங்களில் மறைந்தன. மாண்டவர்கள் 151 பேர். மீட்க வந்தவர்களும் அவர்களுள் அடக்கம் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. இன்று சிறுவர்கள் பந்தாடும் மல்லிதால் மைதானம், அன்று விழுந்த மண்ணால் விரிந்த நிலமேயாகும்.

அத்துயரத்திலிருந்து அவ்வூர் ஒரு பாடம் கற்றது. மழைநீர் மண்ணுக்குள் ஊறிச் சரிவைத் தளர்த்தாதிருக்க, மலையெங்கும் கல் வாய்க்கால்கள் கட்டினார்கள். அவை மழைநீரைப் பத்திரமாக ஏரிக்குக் கொண்டு சேர்த்தன. தல்லிதாலில் உள்ள மதகு மிகுநீரை வெளியேற்றுகிறது. வரத்துக்கால், மதகு, தூர் வாருதல் என்பனவெல்லாம் ஏரிப் பாசனத்தில் வளர்ந்த நம் தமிழ் மக்களுக்குப் புதியனவல்லவே! வரத்துக்கால் அடைபட்டால் ஏரி என்னாகும் என்பதை நம் பாட்டனார் நன்கறிவர்.

அந்த அடைப்புத்தான் இன்று நைனிதாலின் கவலை. வாய்க்கால்களில் குப்பையும் கட்டட இடிபாடும் சேர்ந்து ஏரிக்குள் இறங்குகின்றன. கழிவு மிகுந்து பாசி பெருகியதால், ஏரியின் அடிநீரில் உயிர்வளி குன்றியது. 2007-ஆம் ஆண்டு முதல் குழாய்களின் வழியே அடியில் காற்றைச் செலுத்தி வருகிறார்கள். மேலே சற்றுத் தொலைவில் சூக்காதால் என்றொரு பள்ளம் இருக்கிறது. ‘வறண்ட ஏரி’ என்பது அதன் பொருள். மழைக் காலத்தில் மட்டும் நிறையும் அதைப் பயனற்ற நிலமென்று எண்ணி இடிபாடுகளைக் கொட்டினர் சிலர். ஆனால் அங்கே தேங்கும் நீரே மண்ணுக்குள் ஊறி, மறைவழியாக நைனி ஏரியை ஊட்டுகிறது என்பது ஆராய்ச்சியால் தெளிந்த உண்மை. 2017-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிநீர் மிகவும் தாழ்ந்து, கரையோரம் சேறு தெரிந்தபோது, ஊர் மக்கள் திடுக்கிட்டனர்.

அன்பர்களே, பிறந்த ஊரை விட்டு வந்த நாம், எங்கு சென்றாலும் விருந்தினரே. விருந்தினருக்கும் கடமை உண்டல்லவா? மலையூருக்குச் செல்லும்போது கொண்டு செல்லும் குப்பையை நம்முடனேயே திரும்பக் கொண்டு வருவோம். தங்கும் விடுதியில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவோம். ஊர் திரும்பிய பின், அச்சிறுவன் தன் தங்கைக்கு ஏரியின் படமொன்றை வரைந்து கொடுத்தான். அதன் கீழே, “இது குடிக்கும் தண்ணீர்” என்று எழுதியிருந்தான். நாங்கள் கொண்டுவந்த நினைவுப் பொருள்களிலெல்லாம் சிறந்தது அதுவே.