பருத்திக்குச் சோடா, பட்டுக்குப் புளிப்பு

வெளுத்துப்போன பருத்திச் சட்டை ஒன்றுக்கு வீட்டிலேயே கருநீலம் ஏற்றினேன். துணி நன்றாகவே நிறம் பிடித்தது. தையல்தான் பல்லிளித்தது. காலர் ஓரம், பட்டன் பட்டி, பை என்று எங்கும் வெள்ளைக் கோடு. சட்டை பருத்தி, தைத்த நூல் பாலியெஸ்டர். அதே வாளியில் ஒரு மணி நேரம் ஊறியும் அந்த நூல் சொட்டு நீலம்கூட வாங்கவில்லை.

நாம் நிறத்தைப் பார்த்துச் சாயம் வாங்குகிறோம். சாயத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் நூலைப் பார்ப்பார்கள். பருத்தி, லினன், சணல் எல்லாம் செடி தந்த செல்லுலோஸ். பட்டும் கம்பளியும் புரதம். எது என்று சந்தேகம் வந்தால் விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து பொடிச் சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றமடிக்கும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும்.

பருத்திக்கு ஏற்றது ரியாக்டிவ் சாயம். 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது நூலின் மேல் வெறுமனே ஒட்டுவதில்லை. செல்லுலோஸுடன் வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. இதில் 'கோல்ட் பிராண்ட்' என்ற வகைக்கு அடுப்பு தேவையில்லை. (தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், குளிர்ந்த நீரிலேயே பிடிப்பதால் அந்தப் பெயர்.)

இதில் உப்புக்கு என்ன வேலை? தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொள்கிறது. கரைந்த சாயத்துக்கும் அதே மின்னூட்டம்தான். ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடிய அயனிகள் நடுவே புகுந்து அந்த விலக்கத்தைத் தணிக்க, சாயம் நூலை நெருங்குகிறது. நெருங்கியதைக் கட்டிப்போடுவது சலவைச் சோடா. ஆனால் சோடா விழுந்ததுமே சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாகத் தொடங்கிவிடும். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மறுநாளுக்கு வைத்தேன். அதில் முக்கிய துண்டு, அலசிய தண்ணீருக்குத்தான் நிறம் கொடுத்தது.

பட்டுக்கும் கம்பளிக்கும் ஆசிட் சாயம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வீட்டு வேலைக்கு வினிகரே போதும். புளிப்பில் புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெற, எதிர்மின்னூட்டமுள்ள சாயம் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்குச் சூடு அவசியம். ஆனால் பட்டைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் பளபளப்பு போய்விடும். 85 டிகிரி செல்சியஸ் போதும். சுடு கம்பளியைச் சட்டென்று பச்சைத் தண்ணீரில் போட்டால் சுருங்கித் தடித்துவிடும். கம்பளியைச் சோடா நீரில் காய்ச்சினால் இழையே நலிந்துபோகும்.

இயற்கைச் சாயம்தான் வேண்டும் என்பவர்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போகலாம். மஞ்சிட்டியின் சிவப்பைப் பிடித்துவைக்கப் படிகாரம் தேவை. பட்டும் கம்பளியும் படிகாரத்தை நேரே ஏற்கும். பருத்தி அவ்வளவு எளிதில் ஏற்காது. அதை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைக்க வேண்டும். கடுக்காயின் டானின் படிகாரத்திலுள்ள அலுமினியத்தைப் பிடிக்கும், அலுமினியம் சாயத்தைப் பிடிக்கும். சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பைப் பருத்தியில் நிலைநிறுத்தியவர்கள் வேதியியல் பெயர் எதுவும் தெரியாமலே இந்தச் சங்கிலியைக் கையாண்டார்கள். மஞ்சள் மட்டும் யார் தயவும் இல்லாமல் பருத்தியில் ஏறிவிடும். ஏறியதுபோலவே வெயிலில் இறங்கியும் விடும். சோப்பு பட்டால் சிவக்கும். நிலைத்த நிறம் வேண்டுமென்றால் அதை நம்ப வேண்டாம்.

எந்தச் சாயமானாலும், கஞ்சியேறிய புதுத் துணியில் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். முதலில் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள். சாயம் காய்ச்சிய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.