வங்கிக்குக் கடன் கொடுத்தவர்கள் நாம்

2019 அக்டோபரில் ஒரு பாஸ்புக்கின் படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. அதில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். வங்கி கலைக்கப்பட்டால் காப்பீட்டிலிருந்து டெபாசிட்தாரருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் என்றது அது. 'இந்தச் சட்டத்தை எப்போது கொண்டுவந்தார்கள்?' என்று பதறாத குடும்பம் இல்லை. உண்மையில் 1993 முதலே இருந்த வரம்பு அது. கால் நூற்றாண்டாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த விதி, பாஸ்புக்கில் முத்திரையாக விழுந்த பிறகே ஜனங்களின் வயிற்றைக் கலக்கியது.

அடுத்த பிப்ரவரியில் அந்த வரம்பு 5 லட்சம் ஆயிற்று. அதோடு பேச்சும் அடங்கிவிட்டது. அடங்கியிருக்கக் கூடாது.

லாக்கரில் வைக்கும் நகை நம்முடையதாகவே இருக்கிறது. டெபாசிட் பணம் அப்படியில்லை. கவுன்டரில் கட்டிய கணமே அது வங்கியின் பணம். நாம் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்கள், அதுவும் எந்த ஈடும் வாங்காமல். தெரிந்தவருக்கு 50,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுக்க எத்தனை விசாரிக்கிறோம்! ஆள் எப்படி, வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது, புரோநோட்டு எழுதித் தருவாரா என்றெல்லாம் பார்க்கிறோம். அதே நாம் 20 லட்சத்தை எஃப்.டி. போடும்போது கேட்பது ஒரே கேள்விதான்: வட்டி எவ்வளவு?

நாம் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் வங்கி ரொக்கக் கையிருப்பாக ஒதுக்குவது மூன்று நான்கு ரூபாய். 18 ரூபாய் அரசுக் கடன் பத்திரங்களுக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி வீட்டுக் கடன், தொழில் கடன், நகைக் கடன் என்று வெளியே போய்விடுகிறது. அப்படிப் போனால்தான் ஊரில் கடை திறக்கும், தறி ஓடும், வீடு எழும்பும். ஆனால் வீட்டுக் கடன் திரும்பி வர இருபது வருடம் ஆகலாம். டெபாசிட்காரர் நாளைக்கே வந்து நிற்கலாம். எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் நல்ல வங்கியும் தாங்காது. இது எந்த நிர்வாகியின் குறையும் அல்ல, வங்கித் தொழிலின் அமைப்பே அது.

சென்னைக்கு இது பழைய பாடம். 1906 அக்டோபரில் இங்கே பெரும்பெயர் எடுத்திருந்த ஒரு வெள்ளையர் வணிக நிறுவனம் நொடித்தபோது, அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறு வருடமே இந்தியர்கள் முதல் திரட்டிச் சொந்தமாக ஒரு வங்கி தொடங்க அந்த அடிதான் தூண்டுதல். 1960-இல் கேரளத்தில் ஒரு வங்கி மூடப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு டெபாசிட் காப்பீடு வந்தது. 1962 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது அதன் வரம்பு 1,500 ரூபாய்.

இப்போது வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. நீண்ட காலப் பத்திரங்களில் பணத்தைப் போட்டிருந்தார்கள், வட்டி ஏற ஏற அவற்றின் மதிப்பு சரிந்தது, செய்தி பரவியது, செல்போனிலேயே பணத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்த வங்கியின் டெபாசிட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்பீட்டு வரம்பைத் தாண்டியது. ஓட்டம் அவ்வளவு வேகமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2019 செப்டம்பரில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டது. கொடுத்த கடனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்திடம் சிக்கியிருந்தது. ஆறு மாதத்துக்குச் சேர்த்து 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். பிறகு தவணை தவணையாக அந்தத் தொகையை உயர்த்தினார்கள். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவும் மகள் கல்யாணமும் தவணைக்காகக் காத்திருக்குமா? இந்த அனுபவத்துக்குப் பிறகே 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. வங்கி முடக்கப்பட்டால், காப்பீட்டு வரம்புக்கு உட்பட்ட பணம் இப்போது 90 நாளில் கைக்கு வர வேண்டும்.

வரம்புக்கு மேல் உள்ளதுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. என் கவலையெல்லாம் அந்த மேல்தொகையைப் பற்றித்தான். அது பெரும்பாலும் யாருடைய பணம்? பணி ஓய்வின்போது பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் கணக்கில் விழுந்த பணம்.

தஞ்சைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ரசீதுகளை மேஜையில் பரப்பிக் காட்டினார். ஐந்து எஃப்.டி., ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில். ஒவ்வொன்றும் 4 லட்சம். "பிரிச்சுத்தான் சார் போட்டிருக்கேன். ஒவ்வொண்ணும் அஞ்சுக்குள்ளதான் இருக்கு" என்றார். பிரித்ததில் பயனில்லை. ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., ஆர்.டி. அத்தனையையும் அசலும் வட்டியுமாகக் கூட்டித்தான் 5 லட்சம் கணக்கிடப்படுகிறது. வேறு வங்கியில் போட்டால்தான் தனி வரம்பு. அல்லது மனைவியோடு கூட்டுக் கணக்காகப் போட்டால் அதற்கு ஒரு தனி வரம்பு உண்டு. அதிலும் யார் பெயர் முதலில் என்று வரிசை மாறினால் இன்னொரு வரம்பு. சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. கணக்குப் பாடம் நடத்தியவர். ரசீது கொடுத்தபோது இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை.

கிராமத்தில் நிலைமை இன்னும் மோசம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் 'பேங்கு' என்றுதான் சொல்கிறார்கள். நகையை அடகு வைப்பதும் அங்கேதான், நெல் விற்ற பணத்தை டெபாசிட் போடுவதும் அங்கேதான். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. சங்கத்துக்கு இல்லை. நிதி நிறுவனங்களுக்கும், ஊருக்கு ஊர் இருக்கும் பெனிபிட் ஃபண்டுகளுக்கும் இல்லை. இவை எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. தலைமுறைகளாக நாணயமாக நடப்பவை பல. ஆனால் அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காகப் பணத்தை அங்கே மாற்றுபவர், காப்பீட்டை விட்டு வெளியே போகிறோம் என்று தெரிந்தே மாற்ற வேண்டும்.

வரம்பைக் கூட்டினால் வங்கிகளுக்குப் பயம் விட்டுப்போகும், கண்டபடி கடன் கொடுப்பார்கள் என்று நிபுணர்கள் வாதிடுகிறார்கள். பெரிய வணிக வங்கி தடுமாறினால் வேறு வங்கியோடு இணைத்து டெபாசிட்டைக் காப்பாற்றுவதுதான் இங்கே வழக்கம் என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்த வழக்கத்தை நம்பி அறுபது வயதுக்காரர் தன் மிச்ச வாழ்க்கையை ஒப்படைக்க முடியாது.

பிரிட்டனில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வீடு விற்ற பணம், ஓய்வுக்கால ஒட்டுமொத்தத் தொகை, வாரிசாக வந்த சொத்து போன்றவை கணக்கில் விழுந்தால், வழக்கமான வரம்பைவிடப் பல மடங்கு உயர்ந்த பாதுகாப்பு ஆறு மாதத்துக்கு உண்டு. அதற்குள் அவர் நிதானமாக யோசித்து, பணத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஓய்வூதியப் பலன்களுக்கு இங்கேயும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். அதற்கு முன்பாக, ஒவ்வொரு எஃப்.டி. ரசீதிலும் முதிர்வுத் தொகைக்குக் கீழேயே, 'இவ்வங்கியில் உங்கள் பெயரிலுள்ள மொத்த டெபாசிட் இவ்வளவு, இதில் காப்பீடு உள்ளது இவ்வளவு' என்று தமிழில் அச்சடித்துக் கொடுக்கட்டும். அந்த இரண்டு எண்களும் வங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கின்றன.