ஒரு மில்லிமீட்டர் பெரிதா, சிறிதா?

2 மீட்டர் உயரக் கதவு நிலையில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் தச்சர் அலட்டிக்கொள்ள மாட்டார். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டில் அதே ஒரு மில்லிமீட்டர் கூடினால் அது பேரிங்குக்குள் நுழையாது. பிழை ஒன்றுதான், முதலாவதில் அது 0.05 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம்.

கணக்கு எளிது. அளந்த நீளத்துக்கும் உண்மையான நீளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உண்மையான நீளத்தால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். 25 செ.மீ. குழாயை 24.5 என்று அளந்தால் வித்தியாசம் 0.5, சதவீதப் பிழை 2. அவசரத்தில் 24.5ஆல் வகுப்பவர்கள் உண்டு. அது தவறு.

ஆனால் அந்த ‘உண்மையான நீளம்’ எங்கிருந்து வருகிறது? மீட்டரின் கதையே இதற்கு நல்ல சாட்சி. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று பிரெஞ்சுக்காரர்கள் முடிவு செய்தார்கள். 1792இல் டெலாம்பர், மெஷான் என்ற இரு வானியலாளர்கள் டன்கர்க் முதல் பார்சிலோனா வரை அளக்கப் புறப்பட்டார்கள். புரட்சிக் காலம் அது. கோபுரங்களில் ஏறிக் கருவி வைத்துப் பார்ப்பவர்களை ஊரார் ஒற்றர்கள் என்று சந்தேகித்தார்கள். அளந்த பகுதியிலிருந்து மீதித் தூரத்தைக் கணக்கிட்டு, 1799இல் பிளாட்டினச் சட்டம் ஒன்றைச் செய்து வைத்தார்கள்.

பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்று அவர்கள் எடுத்துக்கொண்ட மதிப்பு சரியில்லை. அதனால் 10,000 கி.மீ. என்று வந்த தூரம், அதே மீட்டரால் இன்று அளந்தால் சுமார் 10,002 கி.மீ. இரண்டு கிலோமீட்டர் என்றதும் பதறத் தோன்றும்; சதவீதத்தில் அது 0.02. சட்டத்தில் பார்த்தால் 0.2 மில்லிமீட்டர் குறைவு. அந்தக் காலத்துக் கருவிகளை நினைத்தால் அபாரமான வேலை!

இந்தப் பிழை தெரிந்த பிறகும் சட்டத்தை யாரும் நீட்டவில்லை. மீட்டர் என்றால் இனி இந்தச் சட்டத்தின் நீளம்தான் என்று வைத்துக்கொண்டார்கள். பிழை மீட்டரை விட்டுப் பூமியின் கணக்குக்குப் போய்விட்டது. 1983 முதல் ஒளி வெற்றிடத்தில் ஒரு விநாடியில் செல்லும் தூரத்தில் 29,97,92,458இல் ஒரு பங்கு மீட்டர்.

நாமும் அப்படித்தான், ஆய்வகத்தில் வெர்னியர் அளவி காட்டியதையோ புத்தகத்தில் அச்சிட்டதையோதான் உண்மை மதிப்பாக எடுக்கிறோம். சதவீதப் பிழையை எழுதும் மாணவர்கள், எதை உண்மை மதிப்பாக எடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுவது நல்லது.