காலடி பத்திரம் – 9: ஈரத் தரைக்கு எத்தனை மதிப்பெண்?

சென்ற வாரம் படிக்கட்டுகளைப் பார்த்தோம். இந்த வாரம் தரை.

டைல்ஸ் கடையில் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறோம். செருப்புக் காலால் ஒரு முறை தேய்த்துப் பார்க்கிறோம். காய்ந்த டைல்ஸ் ஏறக்குறைய எல்லாமே இதில் தேறிவிடும். கால் வாரிவிடுவது ஈரம்தான். நடக்கையில் குதிகாலின் பின்விளிம்பு முதலில் இறங்குகிறது. அந்த நொடியில் அடியிலிருக்கும் தண்ணீர் விலகாவிட்டால் நாம் மிதிப்பது தரையை அல்ல, நீர்ப்படலத்தை. அதைக் கிழிக்கத் தரையில் கண்ணுக்குத் தெரியாத முகடுகள் வேண்டும். வெறும் தண்ணீருக்குச் சுமார் 20 மைக்ரான் சொரசொரப்பு போதும். எண்ணெய் சிந்தும் இடத்துக்கு 70 மைக்ரானாவது வேண்டும்.

இந்தக் குதிகால் நொடியை அளக்க ஓர் ஊசல் கருவி உண்டு. 1940-களில் அமெரிக்காவில் பெர்சி சிக்லர் உருவாக்கியது. பிறகு பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் மெருகேற்றியது. ஊசலின் நுனியில் ரப்பர் துண்டு. கையை விட்டதும் அது வீசி இறங்கி, நனைத்த தரையில் சுமார் 12.5 செ.மீ. உரசிவிட்டு மறுபக்கம் ஏறும். தரை பிடித்து நிறுத்தும் அளவுக்கு ஏற்றம் குறையும்; எண் கூடும். 24 வரை வந்தால் வழுக்கும் ஆபத்து அதிகம். 36-ஐத் தொட்டால் ஆபத்து குறைவு. இடைப்பட்டது நடுத்தரம். வெறுங்கால் படும் இடங்களுக்கு மென்மையான வேறு ரப்பர்.

ஜெர்மனியிலோ ஆளையே நடக்கவிடுகிறார்கள். மோட்டார் எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில், பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒருவர் பூட்ஸ் காலுடன் முன்னும் பின்னும் நடப்பார். சாய்வு மெல்லக் கூடும். அவரால் நிற்க முடியாமல் போகும் கோணத்தை வைத்தே தரம் பிரிப்பார்கள். 6 முதல் 10 பாகை வரை ஆர்-9. 35-ஐத் தாண்டினால் ஆர்-13.

ஆர்-1 முதல் ஆர்-8 வரை எதுவுமே கிடையாது. வரிசை தொடங்குவதே ஒன்பதில்தான்! பத்துக்கு ஒன்பது என்று நம்பி, வயதான அம்மா குளிக்கும் அறைக்கு ஆர்-9 டைல்ஸை வாங்கிவிடாதீர்கள். இப்படியொரு எண்முறையை விளக்கம் இல்லாமல் பெட்டியில் அச்சடித்து விற்பது பெருந்தவறு என்றே சொல்வேன். குளியலறைக்குக் கேட்க வேண்டியது, சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து பார்க்கும் இன்னொரு சோதனையின் முடிவை. அதில் ஏ, பி, சி என்று மூன்று தரம். முறையே 12, 18, 24 பாகை.

ஆனால் சாய்தளம் ஆய்வகத்தில் நிற்பது. ஆண்டுக்கணக்கில் மிதிபட்டுத் தேய்ந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தை அதில் ஏற்ற முடியாது. ஊசலை அங்கேயே தூக்கிக்கொண்டு போகலாம். துடைக்கும் தண்ணீரில் திரவ சோப்பு கூடிப்போய், அலசாமல் காய்ந்து படிந்தால், நல்ல டைல்ஸின் எண்ணும் இறங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் டைல்ஸைப் பெயர்ப்பதற்கு முன், நன்றாக அலசிவிட்டு மறுபடி ஊசலை வைத்துப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)