வருடியறியும் நுண்ணோக்கி

பொன், வெள்ளி முதலிய உலோகங்களின் மேற்பரப்பிற் சில மூலக்கூறுகள் தாமே வரிசையுற அமர்ந்து, ஒரு மூலக்கூற்றளவே தடிப்புள்ள படலமாகின்றன. இதனைத் தன்னொருங்கமையும் ஓரடுக்குப் படலம் எனலாம். இதன் படங்கள் எவ்வாறு கிடைக்கின்றன, அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும், அவற்றைத் தரும் கருவிக்குத் தமிழில் எப்பெயர் பொருந்தும் என்னும் மூன்றனையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

முதற்கண் படலம் அமையுமாறு காண்போம். ஒரு முனையிற் கந்தகமுடைய நீண்ட மூலக்கூறுகளை எத்தனாலிற் சிறிதளவு கரைத்து, அக்கரைசலில் தூய பொற்பரப்பினை இட்டால், கந்தகமுனை பொன்னைப் பற்றிக்கொள்கின்றது. சில நிமிடங்களிற் பரப்பின் பெரும்பகுதி மூடப்பெறும். ஒழுங்கு முற்றுப்பெறப் பல மணிநேரம் வேண்டும். அண்டை மூலக்கூறுகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 0.5 நானோமீட்டர், நிலைக்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து அவை நிற்கின்றன. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டதில் ஒன்று. பொன்மேற் கந்தகச் சேர்மங்கள் இங்ஙனம் ஒழுங்குறுதலை அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தினரான நுட்சோ, அல்லாரா ஆகியோர் 1983-இல் வெளியிட்டனர்.

கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் குறைவதில்லை. ஆகலின், ஒளிகொண்டு நோக்கும் கருவி எதுவும் இம்மூலக்கூறுகளைத் தனித்தனியே காட்டவியலாது. 1981-இல் சூரிச் நகரையடுத்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். அதற்கு 1986-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மிகக் கூரிய உலோகமுனை ஒன்று பரப்பினை ஒரு நானோமீட்டர் அளவிற்கு அணுகி நிற்கின்றது. இரண்டுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் தரின், எலக்ட்ரான்கள் இடைவெளியை ஊடுருவிச் செல்கின்றன. இடைவெளி 0.1 நானோமீட்டர் மிகின், மின்னோட்டம் ஏறத்தாழப் பத்திலொன்றாகச் சுருங்குகின்றது. முனை வரிவரியாக நகர, அம்மாற்றங்கள் குறிக்கப்பெற்றுப் படமாகத் தொகுக்கப்பெறுகின்றன. எனவே, படத்தின் ஒளியும் இருளும் மின்னோட்டம் பற்றியன. பரப்பின் மேடு பள்ளமும், மூலக்கூற்றின் வழியே எலக்ட்ரான் செல்லும் எளிமையும் அவற்றில் ஒருங்கே கலந்துள்ளன.

இதனை மறந்தால் நேரும் இடர்ப்பாட்டிற்கு ஒரு சான்று உண்டு. இப்படலங்களின் படங்களில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தோன்றின. மூலக்கூறுகள் இல்லாத ஓட்டைகள் அவை என்று தொடக்கத்திற் கருதினோர் உளர். 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. அப்பள்ளங்களின் ஆழம் ஏறத்தாழ 0.24 நானோமீட்டர், அது பொன்னணுவடுக்கு ஒன்றின் உயரமாகும். பள்ளத்தினுள்ளும் மூலக்கூறுகள் ஒழுங்குற நின்றன. குறைந்தது பொன், படலம் குறையவில்லை. செம்பினை அரிப்பிலிருந்து காக்க இத்தகைய படலங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. கடற்காற்றின் உப்பீரம் மிக்க சென்னை போன்ற ஊர்களில் இஃது உற்றுநோக்கத்தக்கது. படலத்தில் ஓட்டை உண்டா இல்லையா என்பது ஆண்டு வெறுஞ் சொல்லாராய்ச்சி ஆகாது.

தாம்பரத்திலிருந்து வடக்கே செல்லும் புறநகர் இருப்புப்பாதை கிண்டியை அடைகின்றது. அதனையடுத்து 1959-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அங்கிருந்து சந்தியாராணி, பிரதீப் ஆகிய இருவரும் 2003-இல் இத்துறை பற்றிய விரிவான திறனாய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். தட்டைப் பரப்பிலும் நுண்துகள்களின் மேலும் அமையும் படலங்களின் அமைப்பு, வெப்பத்தால் நேரும் நிலைமாற்றம், மூலக்கூறுகளின் இயக்கம் ஆகியன அதிற் பேசப்படுகின்றன. இவற்றை அறிதற்குப் படம் ஒன்றே போதாது. அகச்சிவப்பு நிறமாலை முதலிய பிற சான்றுகளும் வேண்டும்.

ஏட்டுச்சுவடி பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. அக்கழகத்திற்குச் சில கல் தொலைவில், பெசன்ட் நகரில், 1943-இல் தோன்றிய உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. ஓர் ஏட்டில் எழுத்துப் புலப்படாத இடமெல்லாம் பாடம் இழந்த இடமாகாது. மையேறாமையாலும் அது மறைந்திருக்கலாம். பிற சுவடிகளை ஒப்புநோக்கிய பின்னரே பதிப்பாசிரியர் முடிவு கூறுவர்.

இனிப் பெயர் பற்றிக் கூறுவாம். நுண்ணோக்கி என்னும் சொல் கண்ணின் தொழிலைக் குறிப்பது. இக்கருவிக்கு அதுமட்டும் பொருந்தாது. பரப்பினை வரிவரியாகத் தொடர்ந்தறியும் கருவியை வருடி எனல் இந்நாள் வழக்கு. அதனை முன்னே கூட்டி வருடு நுண்ணோக்கி எனின், மாணவர் படத்தை நிழற்படமெனக் கொள்ளார். இம்முனை பரப்பைத் தொடாது நிற்றலின், வருடுதலும் ஈண்டு ஒப்புமை பற்றிய வழக்கே. எனினும் உண்மைக்கு அணித்தாய வழக்கு. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குங்கால், உற்றறிதலை முதலாவதாகவும் கண்ணறிவை நான்காவதாகவும் வைத்தார். கண் செல்லாவிடத்து அம்முதலறிவை ஒத்ததொன்றே இக்கருவிக்குத் துணையாகின்றது. கலைச்சொல் ஆக்குவோர் அயற்சொல்லின் உறுப்புகளைப் பெயர்ப்பதோடு அமையாது, கருவியின் தொழிலை அறிந்து பெயரிடுதல் வேண்டும்.