பழைய காரின் முகப்பு விளக்கு

மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கு இரண்டு பேருக்குக் கடமைப்பட்டது. ஒருவர் வண்டியை ஓட்டுபவர். மற்றவர் எதிரே வருபவர். முன்னவருக்கு அது வழி காட்ட வேண்டும்; பின்னவருடைய கண்ணைப் பறிக்கக் கூடாது. இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாற்று விளக்குகளிற் பல இவ்விரு கடமைகளிலும் ஒருங்கே தவறுகின்றன. ஓட்டுபவருக்கோ தம் வண்டியின் மூக்குக்கு முன்னால் பளிச்சென்று வெண்ணொளி விழுவதைக் கண்டு, விளக்கு நன்றாக எரிகிறது என்ற நிறைவு உண்டாகிவிடுகிறது.

காசியில் பயிலும் நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. மார்கழி, தை மாதங்களில் கங்கைக் கரையில் இறங்கும் மூடுபனியை அறியாதவர் நம்மில் இல்லை. 2018இல் பெயர் மாற்றப்பட்ட பின்னும் நம் வாயில் ‘மொகல்சராய்’ என்றே வழங்கும் சந்திப்பில், தெற்கேயிருந்து வரும் வண்டிகள் அக்காலத்தில் நேரந்தவறி நள்ளிரவிலும் வந்து சேர்வதுண்டு. ஊரிலிருந்து வரும் மாணவர்களை அழைத்துவர நம் சங்கத்து மூத்த ஆய்வு மாணவர் ஒருவர் தம் வண்டியை எடுத்துப் போவார். அவ்வண்டி 1998ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஓர் அம்பாசிடர்; பழைய வண்டியாகவே அவர் கைக்கு வந்தது. அதன் விளக்குகளைச் சீர் செய்யும் வேலையில் நானும் உடனிருந்தேன். அண்ணன் ஸ்பானரைப் பிடிக்க, மல்டிமீட்டரை நான் பிடித்தேன். அதிற் கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் விளக்கின் அமைப்பைக் காண்போம். அம்பாசிடரின் விளக்கு 7 அங்குல விட்டமுள்ள வட்ட விளக்கு. 1940இல் அமெரிக்காவில் முத்திரையிட்ட விளக்குகள் வந்தபோது நிலைத்த அதே அளவு இன்றும் ஜிப்ஸி முதலிய பல வண்டிகளில் வழங்குவதால், மாற்று விளக்கு கிடைப்பது எளிது. தவறான விளக்கு கிடைப்பதும் அவ்வளவே எளிது! உள்ளே பரவளைவான ஒரு கிண்ணம். அதன் குவியத்தை ஒட்டி ‘எச்4’ எனப்படும் ஹாலஜன் பல்பு. 1971இல் புழக்கத்துக்கு வந்த இப்பல்பினுள் இரண்டு மின்னிழைகள் உள்ளன. ‘பிரைட்’ ஒளிக்குரியது 60 வாட். ‘டிம்’ ஒளிக்குரியது 55 வாட். பிரைட் இழை ஏறத்தாழக் குவியத்திலேயே இருப்பதால் ஒளி நேராக நெடுந்தூரம் செல்லும். டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் சிறு கரண்டி போன்ற ஓர் உலோகத் தகடு உண்டு. கிண்ணத்தின் மேற்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவர் கண்ணில் விழும். ஆகவே அந்தக் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாதபடி இத்தகடு மறைக்கிறது. நகத்தளவுத் தகடு ஒன்று எதிரே வரும் லாரி ஓட்டுநரின் கண்ணைக் காக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இனி அந்த வண்டியில் இருந்ததைப் பார்ப்போம். முன்பு வைத்திருந்தவர் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே துளையில் பொருந்தும் எல்.இ.டி. பல்பைச் செருகியிருந்தார். கிண்ணமோ ஹாலஜன் இழைக்காக வகுக்கப்பட்டது; அவ்விழை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய சுருள். எல்.இ.டி. பல்பிலோ ஒரு தட்டையான பலகையின் இருபுறமும் ஒளிச்சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கும். பலகைக்குத் தடிப்பு உண்டு. சில்லுக்கு அகலம் உண்டு. இழை இருக்க வேண்டிய இடத்தில் சில்லு அமையாவிட்டால், ஒளி போக வேண்டிய திக்கிற்குப் போகாமல் நாலா பக்கமும் சிதறுகிறது. ஒளியின் அளவு மிகுதிதான். ஆனால் ஒழுங்கு இல்லை. அருகில் வெள்ளைப் பாய் விரித்தாற்போன்ற வெளிச்சம், தொலைவில் இருட்டு, எதிரே வருபவருக்குக் கண்கூச்சம் என மூன்றும் சேர்ந்து வருகின்றன. அருகே வெளிச்சம் மிகும்போது கண் அதற்குப் பழகிவிடுவதால், தொலைவின் இருட்டு இன்னும் இருண்டு தோன்றும்.

இப்பல்பைக் கட்டாயம் வைத்தே தீருவேன் என்பவர் ஒன்றையேனும் கவனிக்க வேண்டும். சில்லுகள் இடமும் வலமும் நோக்கியிருக்க வேண்டுமே தவிர, மேலும் கீழும் நோக்கியிருக்கலாகாது. எங்கள் வண்டியில் ஒரு விளக்கில் சரியாகவும் மற்றதில் கோணலாகவும் இருந்தது. பல்பின் பின்னாலுள்ள விசிறி இடித்ததால் ரப்பர் மூடியை வெட்டியிருந்தார்கள். அவ்வழியே ஈரம் புகுந்து கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சு தேமல் படர்ந்தாற்போல் கறுத்திருந்தது. பூச்சுப் போன கிண்ணத்தைத் தேய்த்து மெருகேற்ற முயல்வது வீண். மிச்சமுள்ள பூச்சும் துணியோடு வந்துவிடும். விளக்கையே மாற்றுவதுதான் வழி.

எல்.இ.டி.யையே நான் பழிப்பதாக எண்ண வேண்டா. தொடக்கத்திலிருந்தே எல்.இ.டி.க்கென வகுத்த விளக்கு மிக நல்ல விளக்கு. ஒன்றுக்கென வகுத்த கிண்ணத்தில் மற்றொன்றைத் திணிப்பதே குற்றம்.

புதிய விளக்கு வாங்கும்போது பலர் கருதாத செய்தி ஒன்றுண்டு. நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். ஆதலால் டிம் ஒளியின் மேல்விளிம்பு வலப்பக்கம் மட்டமாகவும், இடப்பக்கம் ஏறத்தாழ 15 பாகை மேலேறியும் இருக்கும். நடைபாதையில் செல்பவரும் ஓரத்து மைல்கல்லும் தெரிவதற்காகவே இந்த ஏற்றம். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்காகச் செய்த விளக்கை இங்கே பூட்டினால், அந்த ஏற்றம் எதிரே வருபவரின் முகத்தில் போய் நிற்கும். ஐரோப்பிய முறைப்படி ஒப்புதல் பெற்ற விளக்கின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அருகில், விளக்கை நோக்கி நிற்பவரின் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது நமக்குரியது. இருபுறமும் முனையுள்ள அம்பானால் இரு வகைச் சாலைக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் செல்லும் நாட்டுக்குரியது. குறி ஏதுமில்லாத மலிவுச் சரக்கானால், கடையிலேயே பாட்டரியில் இணைத்துச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

புதிய விளக்கும் புதிய ஹாலஜன் பல்பும் பூட்டினோம். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாமல் பூட்ட வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் கருகிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். இவ்வளவு செய்தும் ஒளி மங்கி மஞ்சளாகவே எரிந்தது. முன்பு வைத்திருந்தவர் ஏன் எல்.இ.டி.யைத் தேடிப் போனார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. நோய் பல்பில் இல்லை, வயரிங்கில் இருந்தது.

இஞ்சின் ஓடும்போது பாட்டரியின் முனைகளில் 13.9 வோல்ட் இருந்தது. விளக்கை எரியவிட்டு, பல்பு ஹோல்டரில் அளந்தால் 11.6 வோல்ட்தான். இடையில் 2.3 வோல்ட் எங்கே போயிற்று? அம்பாசிடரின் பழைய வயரிங்கில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் பாட்டரியிலிருந்து ஓட்டுநர் முன்னுள்ள சுவிட்சுக்கு வந்து, டிப்பர் சுவிட்சைச் சுற்றிவிட்டு மீண்டும் முன்னால் போகிறது. இரண்டு டிம் இழைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9 ஆம்பியர். கறுத்த சுவிட்சு முனைகளும், திரித்து டேப் சுற்றிய ஒட்டுகளும், துருவேறிய மட்கார்டில் முடுக்கிய எர்த்தும் ஆளுக்குக் கொஞ்சமாக அதைக் குடித்துவிடுகின்றன. குடித்தது சூடாக மாறுகிறது. 2.3 வோல்ட்டை 9 ஆம்பியரால் பெருக்கினால் 20 வாட்டுக்கு மேல். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் வைக்கும் கோலின் சூடு அது! இந்த இழப்பை யாரும் அற்பமென்று தள்ளலாகாது. பல்பின் ஒளி, வோல்ட்டின் 3.4 மடிப்பெருக்கத்தை ஒட்டிக் கூடிக் குறைகிறது. வோல்ட் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் ஒளி நூற்றுக்கு முப்பது குறையும்.

இதற்கு 100/90 வாட் பல்பு போடலாமே என்று மெக்கானிக் ஒருவர் யோசனை சொன்னார். நொண்டி மாட்டின்மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போன்ற யோசனை அது. மின்சாரம் கூடும், இழப்பும் கூடும், ஹோல்டர் உருகும்.

சரியான மருந்து ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பாட்டரியின் நேர்முனையிலிருந்து, பாட்டரிக்கு அருகிலேயே வைத்த 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ரிலேயின் 30 என்று குறித்த முனைக்கு வரும். 87 என்ற முனையிலிருந்து விளக்குக்குப் போகும். பழைய வயரிங்கின் ஹோல்டர்க் கம்பியை 86இல் கொடுத்து 85ஐ எர்த் செய்தால், பழைய சுவிட்சு இனி ரிலேயின் சுருளுக்குரிய சிறு மின்சாரத்தை மட்டும் சுமக்கும். விளக்குகளின் எர்த்தை மட்கார்டில் விடாமல் தனிக் கம்பியாகப் பாட்டரியின் எதிர்முனைக்கே கொண்டுபோனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடித்தது. மாலையில் ஹோல்டரில் 13.5 வோல்ட் காட்டிற்று.

எஞ்சியது விளக்கைக் குறிபார்த்து நிறுத்துவது. உயிர்நிலை இங்கேதான் உள்ளது. மட்டமான தரையில், காற்றுச் சரியாக அடித்த டயர்களோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சுவரிலிருந்து விளக்கு 5 மீட்டர் தள்ளியிருக்குமாறு வண்டியை நிறுத்தினோம். விளக்கின் நடு, தரையிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. உயரம். அதே உயரத்தில் சுவரில் சாக்கட்டியால் கோடிட்டோம். டிம் ஒளியின் மட்டமான விளிம்பு அக்கோட்டுக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். அதாவது நூற்றுக்கு ஒன்று சரிவு. எங்கள் வண்டியில் அது 16 செ.மீ. கீழே கிடந்தது. கண்கூச்சத்தைப் பற்றி யாரோ குறை சொல்ல, பல்பை மாற்றாமல் விளக்கைக் கவிழ்த்துவிட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

இந்த 11 செ.மீ. வேறுபாடு என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 செ.மீ. சரிவில் ஒளியின் விளிம்பு 70 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். 16 செ.மீ. சரிவில் 22 மீட்டரிலேயே தொட்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி கொண்டால், அதற்குள் 17 மீட்டர் கடந்துவிடும். பின் நல்ல சாலையில் நிற்க இன்னும் 28 மீட்டர் வேண்டும். ஆக 45 மீட்டர். 22 மீட்டருக்கு அப்பால் படுத்திருக்கும் எருமையோ, விளக்கில்லாமல் செல்லும் சைக்கிளோ அந்த ஓட்டுநருக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும்.

திருகுகள் இரண்டு: மேலே உள்ளது ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத்தில் உள்ளது இடம் வலத்துக்கு. துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள், முரட்டுத்தனம் உதவாது. ஒரு விளக்கைச் சரிசெய்யும்போது மற்றதைத் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

மூடுபனி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று நம்புவோர் பலர்; மஞ்சள் தாளை விளக்கில் ஒட்டுவோரும் உண்டு. பனித்துளி ஒளியலையினும் பன்மடங்கு பெரிது. ஆதலால் அது எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கிறது. தாள் ஒட்டுவதால் ஒளி குறைவதே கண்ட பலன். பனியில் முக்கியம், மேலே எழும்பும் ஒளி இல்லாதிருப்பது. எழும்பும் ஒளியே வெள்ளைச் சுவராகத் திரும்பி வருகிறது. டிம் ஒளியிலேயே செல்ல வேண்டும். 20 மீட்டர்தான் தெரிகிறதென்றால் வேகம் 30 கிலோமீட்டருக்கு மேற்போகலாகாது. அவ்வேகத்திலும் நிற்க 15 மீட்டர் ஆகும்.

15 ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கும்போது விளக்கையும் சோதிப்பார்கள். எதிரே வருபவர் கண் கூசாதவாறு ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டுமென்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. ஆனால் சோதனைச்சாலையில் டிக்கி காலியாக இருக்கும். சந்திப்பிலிருந்து திரும்பும்போது பின்னிருக்கையில் மூவரும், டிக்கி நிறையப் பெட்டியும் படுக்கையும் ஊறுகாய் ஜாடியும் இருக்கும். வண்டியின் பின்புறம் அமுங்கி மூக்கு நிமிர, விளக்கும் நிமிர்ந்துவிடும். அண்ணன் இப்போது அவ்விரவுகளில் புறப்படுமுன் மேல் திருகைக் குறித்துவைத்த அளவு இறக்கிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து சாமான் இறக்கியதும் பழைய நிலைக்கு ஏற்றிவிடுகிறார்.